ஒன்பது நாள்

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு சிறுகதை எழுதினேன். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா. மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கிறான். பால் பவுடர் டப்பாவில் அவள் சேர்த்து வைத்திருந்த பாசிக் காசை எடுத்துவிடுகிறான். அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடலுக்குப் போகிறாள். அவ்வளவுதான், 800 வார்த்தை. படித்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு போட்டிக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் 2000 வார்த்தைக்குக் குறையக் கூடாதாம். விடியற்காலைக் கடல், தனுஷ்கோடிப் புயல், அப்பா இறந்த கதை எல்லாம் சேர்த்து 2100 ஆக்கினேன். இப்போது அதே நண்பர்கள் பாதியிலேயே கீழே வைத்துவிடுகிறார்கள். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். இழுக்காமல் நீட்டுவது எப்படி?

— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

சின்னதை இரண்டு தடவை படித்தேன். பெரியதை, உண்மையைச் சொன்னால், முக்கால் தடவை.

வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் செய்வதுதான். வருடங்களுக்கு முன்னால் ஒரு தீபாவளி மலருக்குப் பத்துப் பக்கம் கேட்டார்கள். என்னிடம் ஆறு பக்கக் கதை இருந்தது. நான்கு பக்கத்துக்கு மழை பெய்ய வைத்தேன். ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "மழை எந்தப் பக்கத்துல விடுதும்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மலரில் கதை அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

நீங்கள் சேர்த்தவற்றில் தப்பு எதுவும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன ரயில் அலைக்குள் போனது எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்குக் கதையில் வயது 45, மகன் கையில் செல்போன். புயல் அடித்தபோது அவள் பிறக்கவே இல்லை. அந்த ஒரு பக்கம் யாருடைய ஞாபகம்? உங்களுடையது, ஊருடையது. அவளுடைய அம்மா தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவள் என்று வைத்தால்கூட, அது கதைக்குள் ஒரு வரியாகத்தான் வரும்: இந்த வீட்டில் காசு டப்பாவைத் தரையில் வைப்பதில்லை, உயரத்தில்தான் வைப்பார்கள். போதும். மீதிப் புயலை வேறு கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலைக் கடலும் அப்படித்தான். தங்கம் உருகியதுபோல் என்கிறீர்கள். பாசிக்குப் போகிறவள் கடலில் தங்கத்தையா பார்ப்பாள்? தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். அப்புறம் தூரத்தில் ஏதாவது படகு தெரிகிறதா என்று பார்ப்பாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பாசி எடுப்பவர்களுக்கு வனத்துறை பயம் உண்டு. 2100 வார்த்தையில் அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவின் சாவைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. எடுத்துவிடுங்கள்.

சரி, பிறகு எங்கேதான் நீட்டுவது? முதலில் உங்கள் கடைசி வரியைப் பாருங்கள். "மறுநாள் வழக்கம்போலக் கடலுக்குப் போனாள்." போக முடியுமா? நீங்கள் அந்தக் கரைக்காரர், என்னைவிட நன்றாகத் தெரியும். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அந்தப் பெண்களே பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். காசு காணாமல் போனது தெரிவது ஆறாவது நாள் சாயங்காலம் என்று வைத்துப் பாருங்கள். மறுநாள் கடல் கிடையாது. அடுத்த ஆறு நாள் தொடங்க ஏறக்குறைய ஒன்பது நாள் இருக்கிறது. மகனுக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் படகு இல்லை. எடுத்தவனும் பறிகொடுத்தவளும் ஒரே அறையில், ஒரே கஞ்சிப் பானையைச் சுற்றி, ஒன்பது நாள்.

முதல் கதையில் அவள் பேசாமல் இருந்தது அழகாக இருந்தது. ஏனென்றால் விடிந்ததும் கடல் வந்து அவளைக் காப்பாற்றிவிட்டது. கடலை எடுத்துவிட்டால் அந்த மௌனத்தை அவள் எத்தனை நாள் தாங்குவாள்? எனக்கு அது தெரிய வேண்டும். நான் படிக்க விரும்பும் 1200 வார்த்தை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு இடம். "அவளுக்குத் தெரிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரிந்தது? ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்கள். இந்த மாதிரிச் சொற்களைத்தான் நான் என் பிரதியில் தேடுவேன்: தெரிந்துகொண்டான், சமாதானமானார்கள், ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். ஒரு காட்சியை எழுதப் பயந்து ஒதுக்கிவிட்டுப் போன தடம் அது. உங்கள் கதையில் பாறை கிழிக்காமல் இருக்க அவள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு போகிறாள், அப்படியும் விரல்கள் வெடித்திருக்கின்றன என்று ஒரு வரி வருகிறது. நல்ல வரி. அந்த விரல்களால் துருப்பிடித்த டப்பா மூடியைத் திறக்க முடியுமா? ஆறு நாள் தண்ணீரில் கிடந்த விரல்கள். முடியாது. அப்படியானால் தினமும் யாரோ திறந்து கொடுத்திருக்க வேண்டும்.

கதையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? அண்ணனுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். ஒரே ஒரு வரி. பள்ளிக்கூட விடுமுறை, அவளும் வீட்டில்தான். மூடியைத் திறந்து கொடுக்கிறவள் அவள்தான். ஆறாவது நாள் டப்பாவைத் திறக்கிறாள். சில்லறை இருக்கிறது, நோட்டு இல்லை. இரண்டு பேரும் பார்க்கிறார்கள். அந்த நொடியில் அம்மா யாரைச் சந்தேகப்படுவாள்? மகனை அல்ல. டப்பாவைத் தொடுகிறவள் இந்தப் பெண் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். அடிக்கக்கூடச் செய்யலாம். நான்கு நாள் கழித்து உண்மை தெரியும்போது மகனைக் கேட்காமல் விடுவது பெருந்தன்மையாக இருக்காது. அவனைக் கேட்டால் மகளிடம் தான் செய்த தப்பையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவின் மௌனம் அங்கே நிறம் மாறுகிறது, கவனியுங்கள்.

நான் நீட்டிய கதையை இப்போதெல்லாம் இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறேன். சேர்த்ததையெல்லாம் சேர்த்த பிறகு பழைய கடைசிப் பத்தியை எடுத்து ஒட்டிப் பார்ப்பேன். ஒரு சொல்கூட மாற்றாமல் அது அப்படியே பொருந்தினால், நடுவில் போட்டது தண்ணீர். வீட்டுக்கு ஆள் கூடிவிட்டால் குழம்பில் ஊற்றுவோமே, அது. சட்டி நிறையும், மீன் துண்டு கூடாது. உங்கள் 2100 வார்த்தையிலும் கடைசிப் பத்தி எழுத்து மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன மாதிரி எழுதினால் அது உட்காராது, நீங்களே தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு, 800 வார்த்தைதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றினால் அதையே வேறு இடத்துக்கு அனுப்புங்கள். போட்டிக்காரர் அளவுக்காக அதைக் கொல்ல வேண்டாம். 1700-இல் நின்றால் 1700-இல் நிறுத்துங்கள்.

ஒன்பதாம் நாள் அவள் எப்படிக் கடலுக்குப் போகிறாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன், ஆனால் சொல்ல மாட்டேன், கதை உங்களுடையது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். மூடி துருப்பிடித்தது, திறந்தால் சத்தம் கேட்கும். மகன் எடுத்தது ராத்திரியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில்தான் தங்கச்சியும் படுத்திருந்தாள்.