214 பிபிடியையும் ஒரே மேக்ரோவில் பிடிஎஃப் ஆக்கலாமா?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். பத்து வருடமாகச் செய்து வைத்த 214 பிபிடி பாடங்களை மாதக் கடைசிக்குள் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்கிறார்கள். கடையில் கோப்புக்கு ஐந்து ரூபாய் கேட்கிறார்கள். மேக்ரோ போட்டால் மொத்தமாக மாறிவிடும் என்கிறான் தம்பி. பள்ளிக் கணினியில் பாதிப் பாடங்களின் எழுத்து சிதறித் தெரிகிறது. பிடிஎஃப்பிலும் அப்படியே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம் டீச்சர். கடைக்கு ஆயிரத்துச் சொச்சம் தண்டம் அழ வேண்டாம்.

மேக்ரோ என்பது பவர்பாயிண்ட் தானாகச் செய்ய நாம் எழுதி வைக்கும் கட்டளைகள், பத்துப் பதினைந்து வரிதான். ஃபோல்டரில் இருக்கும் கோப்பை ஒவ்வொன்றாகத் திறக்கும், பிடிஎஃப்பாகச் சேமிக்கும், மூடும். பவர்பாயிண்டில் ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தி, இன்சர்ட்டில் மாட்யூல் எடுத்து, வரிகளை ஒட்டி எஃப்5 தட்டினால் ஓடும். சேமிக்கும் வரியில் 32 என்ற எண் இருந்தால் பிடிஎஃப். 24 என்றால் பிபிடிஎக்ஸ்தான் வரும். அசல் ஃபோல்டரில் கை வைக்காமல் நகல் எடுத்து அதில் ஓட்டுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். உங்கள் பழைய பாடங்கள் பாமினியில் அடித்தவையாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். பள்ளியில் இருப்பது கேரள அரசின் பள்ளிக் கணினி அமைப்பான கைட் தரும் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும். அதில் பாமினி இருக்காது, பவர்பாயிண்டுக்கு எழுதிய மேக்ரோவும் ஓடாது. வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் பாமினியைப் போட்டு, அங்கே மாற்றுங்கள். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே போய்விடும், பிறகு எங்கே திறந்தாலும் சரியாகத் தெரியும். எழுத்துரு இல்லாமல் ஓட்டினால் மேக்ரோ ஒரு வார்த்தை சொல்லாது. 214ஐயும் குப்பையாக்கிவிட்டு அமைதியாக முடிந்துவிடும்.

எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். அதற்குப் பிறகும் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. கேட்க மாட்டார்கள், கடைசித் தேதி மட்டும் சரியாகச் சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் கோப்பின் பெயரில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாதி மேக்ரோக்கள் ‘டிர்’ என்ற கட்டளையால்தான் கோப்பைத் தேடுகின்றன. அதற்குத் தமிழ் தெரியாது, மலையாளமும் தெரியாது. ‘ஒளிச்சேர்க்கை’ என்று பெயர் வைத்திருந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு கோப்பு இல்லையே என்று நின்றுவிடும். நின்றால்கூடப் பரவாயில்லை. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போ என்று ஒரு வரியை அதில் சேர்த்து வைத்திருப்பார்கள், ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று தொடங்கும். அந்த வரி இருந்தால் தமிழ்ப் பெயர்க் கோப்பெல்லாம் சத்தமில்லாமல் விட்டுப்போகும். அதை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். ‘டிர்’ கட்டளைக்குப் பதிலாக ‘ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்’ வைத்து எழுதினால் தமிழ்ப் பெயரும் பிடிபடும். ஆனால் ஃபோல்டரின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். மேக்ரோ எழுதும் அந்த ஜன்னலில் தமிழை ஒட்டினால் அங்கேயும் கேள்விக்குறிதான். இன்னொன்று: ‘பாடம்1’ பிபிடியாகவும் பிபிடிஎக்ஸாகவும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரில் பிடிஎஃப் வந்து, முந்தியதைப் பிந்தியது அழித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் யாராவது ‘ரெடிமேட் மேக்ரோ’ கோப்பு அனுப்பினால் திறக்காதீர்கள். இணையத்தில் இருந்து வரும் கோப்பின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022இலிருந்து தானாகவே தடுக்கிறது. ‘அன்பிளாக் டிக் பண்ணுங்க மேடம்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் பண்ணாதீர்கள். கோப்பாக வாங்காமல் வரிகளாக வாங்கித் தம்பியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்னும் தளங்களில் ஏற்றவும் வேண்டாம். பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் படமும் அதில் இருக்குமே, எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டார்கள்?

அனிமேஷன், வீடியோ எதுவும் பிடிஎஃப்பில் வராது, அதனால் அசல் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். முதலில் ஐந்து கோப்பில் ஓட்டிப் பாருங்கள், பாமினி ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அப்புறம் மொத்தமாக ஓட்டிவிட்டு பிடிஎஃப்களை எண்ணுங்கள். 214 இருந்தால் அனுப்பிவிடலாம்.