சண்டை இல்லாமலும் முடிவு நிறைவது எப்படி?

கேள்வி: இரத்தக்காட்டேரிக் காதல் கதையான ட்விலைட் வரிசையின் கடைசிப் புத்தகமான பிரேக்கிங் டானில் பெரிய போரே நடக்கவில்லை. ஆனாலும் பலருக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறதே? நானும் மூன்று பாகமாக ஒரு மாயக் காதல் கதை எழுதி வருகிறேன்.

பதில்: முடிச்சு 2005-இல் வந்த முதல் புத்தகத்திலேயே விழுந்துவிட்டது. எல்லார் மனதையும் படிக்கும் காட்டேரி எட்வர்டால் காதலி பெல்லாவின் மனதை மட்டும் படிக்க முடியாது. 2006-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில், வோல்டூரி என்ற காட்டேரி ஆட்சிக் குழுவைச் சேர்ந்த ஜேனின் வதைக்கும் சக்தி அவளிடம் பலிக்கவில்லை. 2008-இல் வந்த கடைசிப் புத்தகத்தில்தான் அது அவள் மனதைக் காக்கும் கவசம் என்று தெரிகிறது. அந்தக் கவசம் வோல்டூரிகளிடமிருந்து சுற்றத்தையே காக்கிறது. எல்லாம் அடங்கியபின் அவளே கவசத்தை விலக்கித் தன் மனதை அவனுக்குத் திறந்து காட்டுகிறாள். மாயமும் காதலும் ஒரே இடத்தில் அவிழ்வதால் வரும் நிறைவு அது. போர் இல்லையே என்ற ஏமாற்றமும் நியாயம்தான். 2012 படத்தில், எதிர்காலத்தைக் காணும் ஆலிஸ் காட்டும் தரிசனமாக ஒரு போரைச் சேர்த்தார்கள்.

நீங்கள் முதல் பாகத்தை மறுபடி படித்து, பதில் சொல்லாமல் விட்டதையெல்லாம் தாளில் குறியுங்கள். காதலர்களுக்கு நடுவே நிற்கும் தடை எதுவோ, அதுவே கடைசியில் அவிழவேண்டும். அவிழ்க்கும் சக்தி மூன்றாம் பாகத்தில் திடீரென முளைத்தால் வாசகர் நம்பமாட்டார். இரண்டாம் பாகத்திலேயே ஒருமுறை அரைகுறையாகவாவது வெளிப்படட்டும். வில்லன் வீழ்ந்த பக்கத்தோடு நிறுத்தாமல், இருவரும் தனியே பேச ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். ‘பல வருடங்களுக்குப் பிறகு’ என்ற பின்கதை கட்டாயமில்லை.