லேபிளிங் வேலை: கேள்வி – பதில்

கேள்வி: பி.ஃபார்ம் முடித்திருக்கிறேன். தமிழும் மலையாளமும் சரளம், ஆங்கிலம் பரவாயில்லை. பெங்களூருவில் ஐரோப்பிய மருந்து லேபிளிங் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஜெர்மன், பிரெஞ்சு தெரியாமல் தாக்குப்பிடிக்க முடியுமா? வீட்டில், "ஸ்டிக்கர் ஒட்டவா படிச்சே?" என்கிறார்கள்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். ஸ்டிக்கருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை அந்தந்த மொழிக்காரர்கள் செய்வார்கள். உங்கள் பொறுப்பு ஆங்கில மூலம். மருத்துவருக்கான மருந்து விவரக் குறிப்பு (எஸ்.எம்.பி.சி.), டப்பா வாசகம், உள்ளே மடித்து வைக்கும் லீஃப்லெட் எல்லாமே ஐரோப்பிய மருந்து முகமையின் கியூ.ஆர்.டி. டெம்ப்ளேட்டின்படி இருக்க வேண்டும். அதன் தலைப்புகளில் கை வைக்க முடியாது.

புதிய பக்கவிளைவு ஒன்று சேர்கிறது என்று வையுங்கள். எஸ்.எம்.பி.சி.யில் பக்கவிளைவுகளுக்கான 4.8-ஆம் பகுதியில் எழுதியதும் லீஃப்லெட்டின் 4-ஆம் பகுதியிலும் எளிய சொற்களில் வர வேண்டும். எச்சரிக்கையும் தேவையென்றால் அதற்கான 4.4-ஆம் பகுதியிலும், லீஃப்லெட்டின் 2-ஆம் பகுதியிலும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஓரிடத்தில் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். மதிப்பீட்டாளரின் கேள்வி உடனே வந்து நிற்கும்.

மையப்படுத்திய நடைமுறை (ஒரே விண்ணப்பத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அனுமதி) என்றால் ஆங்கிலத்தோடு சேர்த்து 25 மொழிகள். நார்வே, ஐஸ்லாந்து மொழிகளும் இதில் அடக்கம். புதிய மருந்துக்கு மதிப்பீட்டின் 210-ஆம் நாள் முகமையின் மருந்துக் குழுவின் கருத்து வெளியானால், 215-ஆம் நாளுக்குள் எல்லா மொழிபெயர்ப்பும் போய்ச் சேர வேண்டும். ஐந்தே நாள்! அதனால் கருத்து வரும் முன்பே மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிடுவார்கள். கடைசி நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி மாறினால் அத்தனை கோப்புகளும் மாற வேண்டும். எந்தக் கோப்பு எந்தப் பதிப்பு என்ற கணக்கை ஒழுங்காக வைக்காதவர் அந்த வாரம் தூங்க மாட்டார்.

மொழி தெரியாமலே நீங்கள் பிடிக்கக்கூடிய பிழை எண்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 2.5 மி.கி. என்பது ஜெர்மனில் 2,5. புள்ளி அப்படியே நின்றாலும் கேள்வி வரும். கமா விழுந்துபோய் 25 ஆனால் டோஸே பத்து மடங்கு. எண்ணும் அலகும் வரி முடிவில் பிரியாமலிருக்க நடுவே உடையாத இடைவெளி போடுங்கள். எண்கள், அலகுகள், தலைப்புகள், பத்தி எண்ணிக்கை என்று ஆங்கிலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே பாதிப் பிழை சிக்கிவிடும்.

கேள்வி: ஐரோப்பாவுக்குப் போகும் அட்டைப்பெட்டி ஆர்ட்வொர்க் பார்க்கிறேன். குறிப்பாக எதில் கவனம் வைக்க வேண்டும்?
— வாசகர், நகரி, ஆந்திரா

பதில்: வெளி டப்பாவில் மருந்தின் பெயர் பிரெய்லிலும் வேண்டும். உச்சரிப்புக் குறியுள்ள எழுத்துகளின் புள்ளிகள் மொழிக்கு மொழி மாறும். பிரெஞ்சு டப்பாவின் கோப்பை ஜெர்மனுக்குத் தூக்கிப் போடாதீர்கள். 2019 பிப்ரவரி 9 முதல் பெரும்பாலான பிரிஸ்கிரிப்ஷன் மருந்துகளுக்கு 2டி கோடும் உண்டு. தயாரிப்புக் குறியீடு, சீரியல் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி அதற்குள் இருக்கும். கண்ணால் பார்த்துத் தேறாது. அச்சான மாதிரியை ஸ்கேன் செய்தே ஓகே கொடுங்கள். லீஃப்லெட் எழுத்து டைம்ஸ் நியூ ரோமனில் 9 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. இடம் பற்றவில்லை என்று டிசைனர் சுருக்கியிருப்பார், அளந்து பாருங்கள்.