கிரெடிட் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

பேட்டை மாணவர்: அண்ணாச்சி, நாலு கிரெடிட் பாடம் என்றால் என்ன?

கல்லூரியில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு பருவம் (செமஸ்டர்) முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். சுமார் 15 வாரம், ஆக 15 மணி நேரம். செய்முறை என்றால் 30 மணி. பாடத்திட்டத்தில் 3-0-2 என்றிருந்தால் வகுப்பு மூன்று, டுடோரியல் இல்லை, லேப் இரண்டு மணி. லேப் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட், ஆக 3+1, நாலு கிரெடிட். அந்தப் பாடத்திட்டப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் கேட்பார்கள்.

அம்பாசமுத்திரம் மாணவி: கிரேடுகளைக் கூட்டிப் பாட எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வராதா?

வராதம்மா. நாலு கிரெடிட் பாடத்தில் 9, இரண்டு கிரெடிட் பாடத்தில் 6 என்று வையுங்கள். கிரேடைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 36+12=48, மொத்தக் கிரெடிட் ஆறால் வகுத்தால் 8. உங்கள் வழியில் 7.5 தான் வரும். பெரிய பாடத்தைக் கோட்டை விட்டால் சின்னப் பாடம் காப்பாற்றாது.

சங்கரன்கோவில் மாணவர்: லேபில் இரண்டு மணி நேரம் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், ஒரு கிரெடிட் தானே? அநியாயம்.

வகுப்பு ஒரு மணி என்றால் அதற்கு வீட்டில் படிப்பதும் உண்டு. லேப் வேலை லேபிலேயே முடிகிறது என்பது கணக்கு.

அவரே: முடிகிறதா? ரெக்கார்டு நோட்டை யார் எழுதுவது? ராத்திரி பதினொரு மணி வரை படம் வரைகிறோம்.

பாளையங்கோட்டை ஆசிரியை: அவர் சொல்வது சரி. வகுப்பே நடக்காத பாடத்துக்கும் முழுக் கிரெடிட் போகிறதே?

ரெக்கார்டு விஷயத்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. லேப் நேரத்திலேயே எழுதி முடிக்க விட வேண்டும். ஆனால் கிரெடிட் அளப்பது ஒதுக்கிய நேரத்தை. படித்ததை அளக்க கிரேடு இருக்கிறது. இதன் பிறப்பே அப்படி. 1906-இல் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை, பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தரத் தகுதியான கல்லூரி எது என்று பிரிக்கத்தான், பள்ளிப் பாடங்களுக்கு இந்த மணிக்கணக்கைக் கொண்டுவந்தது. கல்லூரிகளும் அதே வழியில் போயின. மாணவன் என்ன கற்றான் என்பது அன்றைக்கே கேள்வியில் இல்லை. வகுப்பு நடக்கவில்லை என்றால் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வள்ளியூர் மாணவர்: ஜெர்மனியில் மேற்படிப்புக்கு 180 கிரெடிட் கேட்கிறார்கள். என்னிடம் 140 தான்.

அங்கே ஒரு வருஷம் 60 கிரெடிட். ஒன்றுக்கு 25 முதல் 30 மணி, வீட்டுப் படிப்பும் சேர்த்து. எண்ணோடு எண்ணை ஒப்பிடாதீர்கள். பாடத்திட்டப் புத்தகத்தோடு அந்தப் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள். புத்தகம் இருக்கிறதல்லவா?

ஆலங்குளம் மாணவர்: நாலு கிரெடிட் என்றால் நாலு மார்க்கா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடையநல்லூர் மாணவி: நாலு கிரெடிட் பாடம் கஷ்டமா?

நேரம் கூட, அவ்வளவுதான். முதல் பதில்.

களக்காடு மாணவர்: சுயம் இணையப் படிப்பு சேருமா?

சுயம் என்பது மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம். 2021 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை சேர்க்கலாம். உங்கள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்கும் என்று, சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.