கிராமத்து இளைஞர் மன்றத்தில் கிரிக்கெட், பொங்கல் விளையாட்டு தவிர பிள்ளைகள் கையால் செய்து பழக என்ன இருக்கிறது?

கேட்டவர் புதிதாக மன்றம் தொடங்கியவர் என்று நினைக்கிறேன். இருபது முப்பது பையன்கள், ஒரு வாலிபால் வலை, பொங்கலுக்குக் கொஞ்சம் வசூல். "பயனுள்ளதா ஏதாவது செய்யணும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து ஆளுமைத் திறன் பயிற்சி வைக்கலாமா என்று யோசனை ஓடும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஊரில் எது பழுதாகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். எங்கள் ஊரில் பழுதாகிக் கிடந்தது அடிபம்பு. தெரிந்தவர் என் பெரியப்பா.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாயும் தைலமரக் காடும் சூழ்ந்த ஊர் எங்களுடையது. 2003 கோடையில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். ஊருக்கு அடிபம்புதான் கதி, அதிலும் பாதி வேலை செய்யாது. மனு கொடுத்தால் "ஆள் வருவாங்க" என்பார்கள். ஒரே ஃபிட்டர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? மாதக்கணக்கில் யாரும் வரவில்லை.

பெரியப்பா பம்பு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாம்பு, பைப் ரெஞ்ச், ராடு பிடிக்கும் வைஸ் எல்லாம் வீட்டில் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். மன்றத்துப் பையன்கள் வந்து கேட்டதும் அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நான் செய்ய மாட்டேன். சொல்லுவேன், நீங்க செய்யணும்."

முதல் நாள் பம்பைத் திறக்கவே விடவில்லை. நன்றாகத் தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்றார். அப்புறம் ஒரு பையனை அடிக்கச் சொல்லி, எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எங்களை எண்ண வைத்தார். ஐந்து அடிக்குள் வந்தால், ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்காமல் தடுக்கும் அடி வால்வு, அதாவது புட் வால்வு, தண்ணீரைப் பிடித்து நிற்கிறது. அதற்கு மேல் இழுத்தால் வால்விலோ குழாயிலோ கசிவு. அடுத்து நிமிடத்துக்கு 40 அடி என்ற கணக்கில் ஒரு நிமிடம் அடித்தால் 12 லிட்டராவது விழ வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். பிடி லேசாகப் போய்த் தண்ணீரே வராவிட்டால் பிடியையும் அடியிலுள்ள பிஸ்டனையும் இணைக்கும் ராடு உள்ளே கழன்றிருக்கும் அல்லது முறிந்திருக்கும். தண்ணீர் துருநிறத்தில் வந்தால் குழாய் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஊரிலுள்ள எல்லாப் பம்பையும் இப்படிச் சோதித்து ஒரு நோட்டில் எழுதினோம். திறப்பதற்கு முன்னால் எது பழுது என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பிரித்துப் பார்த்ததும் யார் எழுதியது சரி என்று தெரிந்துவிடும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே பெரியப்பாவை நான் பெரிய ஆசிரியர் என்பேன். பள்ளிக்கூடத்தில் விடை சரியா தவறா என்று வாத்தியார்தான் சொல்லுவார். இங்கே பம்பு சொல்லிவிடும், யாரும் மறுத்துப் பேச முடியாது.

குழாய் தூக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இந்தியா மார்க் 2 என்ற பம்பு அது, நம் ஊர்களில் பச்சையோ நீலமோ அடித்து நிற்பது பெரும்பாலும் இதுதான். மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் உருவான பம்பின் சங்கிலி அமைப்பை எடுத்துக்கொண்டு 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாக்கியது. மேல்மூடியைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, பிடியை எடுத்து, தலைப்பகுதியை இறக்கி வைத்தால் குழாய் தெரியும். ஒவ்வொரு குழாயும் 3 மீட்டர். வெறும் குழாயே 10 கிலோவுக்குக் கிட்டே இருக்கும். உள்ளே ராடும் தண்ணீரும் சேர்ந்து, எல்லாக் குழாயும் ஒன்றாகத் தொங்கும்போது ஐந்தாறு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கணும். ஒரு குழாய் மேலே வந்ததும் கிளாம்பு போட்டு நிறுத்தி, அதைக் கழற்றி, அடுத்ததைத் தூக்கணும்.

"கிளாம்பு கடிச்சிருச்சான்னு பாத்துட்டுக் கையை எடு தம்பி. உள்ள விழுந்துச்சுன்னா போரே போச்சு" என்று பெரியப்பா ஒவ்வொரு குழாய்க்கும் சொன்னார். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் வந்தது. பித்தளை உள்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம், கீறல் இல்லை. பிஸ்டனில் இருந்த தோல் வாஷர் இரண்டும் கறுத்து, விளிம்பு நைந்து, ஒரு பக்கம் நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. மேலிருந்து மூன்றாவது குழாயின் மரைப் பக்கத்தில் நெல் அளவுக்கு ஓட்டை. வாஷர், குழாய் இரண்டையும் நோட்டில் சரியாக எழுதியிருந்தது ஒரே ஒரு ஆள், பத்தாவது படித்த ஒரு பெண். அந்த வாஷரின் விலை அப்போது ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். அதற்காகத்தான் அந்தத் தெருப் பெண்கள் கோடை முழுக்க அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

அந்தப் பெண் சரியாக எழுதியதில் எனக்கு வியப்பில்லை. பிடி எப்போது கனக்கிறது, எப்போது லேசாகிறது, விடியற்காலையில் முதல் குடத்துக்கு எத்தனை அடி என்பதெல்லாம் தினமும் அடிக்கிறவளுக்குத்தான் தெரியும். ஆனால் மன்றம் என்றால் பையன்கள் மட்டும் என்றுதான் நம் ஊர்களில் வழக்கம். கேட்டவரும் பிள்ளைகள் என்று எழுதிவிட்டுப் பையன்களைத்தான் மனத்தில் வைத்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பெண்பிள்ளைகளைச் சேருங்கள். கோலப்போட்டிக்கு மட்டும் கூப்பிட்டால் போதாது, ரெஞ்சைக் கையில் கொடுங்கள்.

பம்பு வேலைக்கு என்னை அனுப்பியது என் அம்மா. 1991, 92இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணையாக நின்றார். எங்கள் தெருவிலிருந்து முதலில் சைக்கிள் ஏறியவர்களில் அம்மாவும் ஒருவர். "வயசுக்கு வந்த பிள்ளைய பம்பு ரிப்பேருக்கு அனுப்புறியா" என்று கேட்டவர்களிடம், "நான் சைக்கிள் ஏறுனப்பவும் இதைத்தானே சொன்னீங்க" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதைச் சாதிக் கதையாக்குகிறேன் என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதலாம், நான் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இரண்டு மன்றங்கள் இருந்தன, ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று. பெரியப்பா காலனிக்காரர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பழகிய வீட்டுப் பையன்கள் அந்தக் கோடையில் அவரை "அண்ணே" என்றார்கள். சாமான் ஒரு செட்டுதான், சொல்லித்தர ஒருவர்தான், குழாய் தூக்க இரண்டு பக்கத்து ஆளும் வேண்டும். முதலில் எந்தப் பம்பு என்று வாக்குவாதம் வந்தது. எதை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்களோ அதை முதலில் எடுப்போம் என்று நோட்டைக் காட்டினோம், அது காலனிப் பம்பு. ஊருக்குள் இருந்த பெரியவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பையன்கள் வந்தார்கள். அத்தோடு எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மன்றம் இன்றும் இரண்டுதான். ஆனால் பம்பு வேலைக்கு மட்டும் ஒரே நோட்டு.

"பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலையை ஏன் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள்?" என்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் கொடுப்பது பஞ்சாயத்தின் கடமை, அதை யாரும் மன்றத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் நாங்கள் எந்தப் பம்பையும் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். ஆனால் வேலை தெரிந்தவன் கேட்கும் கேள்வி வேறு. முன்பெல்லாம் கிராம சபையில் "பம்பு ரிப்பேர்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்போம். அப்புறம், "கிழக்குத் தெருப் பம்பில் புட் வால்வு போய்விட்டது, இரண்டு குழாயில் மரை போய்விட்டது, இன்ன தேதியில் சோதித்தோம்" என்று எழுதிக் கொடுத்தோம். பார்க்கிறோம், செய்கிறோம் என்று அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆறுக்கும் நோட்டோடு போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். எவ்வளவு நல்ல திட்டம்! எங்கள் ஊரிலும் கட்டடம் நிற்கிறது, அலமாரியும் புத்தகமும் உள்ளே இருக்கின்றன, பூட்டும் தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கரையான் ஏறியிருக்கிறது. புத்தகம் வாங்கக் காசில்லாமல் பள்ளி ஆசிரியரிடம் கெஞ்சிப் படித்தவளுக்கு அது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடந்தால் மன்றத்தின் முதல் வேலையாக அந்தச் சாவியைக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் அடிபம்பே இல்லாமல் மினி பவர் பம்பும் தொட்டியும் மட்டும் இருக்கலாம். மின்மோட்டாரில் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள், அது உரிமம் உள்ள ஆள் செய்ய வேண்டிய வேலை. பதிலாக ஊர்க் கிணறுகளில் மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டம் அளந்து எழுதச் சொல்லுங்கள். சைக்கிள், தையல் மிஷின், கைத்தெளிப்பான் என்று பிரித்து மாட்ட ஆபத்தில்லாத சாமான் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் தெரிந்த பெரியவரும் இருப்பார், யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மன்றத்தைப் பதிவு செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அது உதவும்.

அடிபம்பையே எடுப்பதாக இருந்தால், மார்க் 2வா மார்க் 3ஆ என்று முதலில் பாருங்கள். 1983 முதல் 1988 வரை கோவைப் பக்கம் நடந்த களச்சோதனையிலிருந்து வந்தது மார்க் 3. அதில் குழாய் அகலம் அதிகம், குழாயைத் தூக்காமலே ராடோடு பிஸ்டனை மேலே இழுத்துவிடலாம், இரண்டு மூன்று பேரே போதும். எங்கள் ஊருக்கு ஏன் அதைப் போடவில்லை என்று பெரியப்பா கடைசிவரை ஆதங்கப்பட்டார். வாஷர் வாங்கும்போது 63.5 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு என்று சொல்லிக் கேளுங்கள், நைட்ரைல் ரப்பரில் கிடைத்தால் தோலைவிட அது அதிக நாள் உழைக்கும். மாட்டி முடித்ததும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மறுநாள் வாடை போகும்வரை அடித்து வெளியேற்றிவிட்டுத்தான் குடிக்கக் கொடுக்கணும்.