ஆறு மாதமாக ஒரு ஸ்கிட்கூடத் தேறவில்லை என்றால்

மேடையில் கைதட்டல் வாங்குகிறேன், டிவிக்கு எழுதினால் மட்டும் ஆறு மாதமாக ஒரு ஸ்கிட்கூடத் தேறவில்லை, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லாரி டேவிட் நியூயார்க்கில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்தவர். 1984-85இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி ஸ்கிட் நிகழ்ச்சியின் எழுத்தாளர். அந்த சீசன் முழுக்க அவர் எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் ஒளிபரப்பானது. அதுவும் ஊர் தூங்கப்போன பிறகு, இரவு 12:50க்கு. ஒருநாள் தயாரிப்பாளரிடம் கத்திவிட்டு வேலையை உதறினார். அப்புறம்தான் போன சம்பளம் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனைப்படி, திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் போய் உட்கார்ந்துகொண்டார். (நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்!) அந்தக் கூத்தே பின்னால் அவரே இணைந்து உருவாக்கிய 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரில் ஒரு எபிசோடானது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் உங்கள் குரலும் முகமும் பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்கிட்டில் பேசுவது வேறொருவர் வாய். எழுதியதை நண்பரிடம் கொடுத்து, நடிக்காமல் செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் சிரிப்பு வரவில்லையோ, அங்கே நகைச்சுவை காகிதத்தில் இல்லை, உங்களிடம்தான் இருந்திருக்கிறது. அதை மட்டும் திருத்துங்கள். தள்ளுபடியானவற்றையும் கிழித்துப் போடாமல் தேதி போட்டு வையுங்கள்.