வைலா, டியூரிங்கா, சைமல்டேனியஸ்லியா? ரைஸ் மில் வேலையோடு பி.காம் முடித்தவருக்கு ஒரு பதில்

கேள்வி: சார், எனக்குக் கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் 2022 ஜூனில் இருந்து மூன்று வருஷம் கணக்கு எழுதினேன். அதே மூன்று வருஷத்தில் அஞ்சல் வழியில் பி.காம் முடித்தேன். இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவில் 'சைமல்டேனியஸ்லி' என்று போட்டிருக்கிறார்கள். நண்பன் 'கன்கரன்ட்லி'தான் சரி என்கிறான். அக்கா 'டியூரிங்' போதும் என்கிறாள். 'வைல்' எல்லாம் சின்னப்பிள்ளைகள் எழுதுவது என்கிறார் சென்டர்காரர். எதைப் போடட்டும்?

பதில்: தம்பி, 'வைல்' போடுங்கள். 'ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம் வைல் ஒர்க்கிங் இன் எ ரைஸ் மில்.' இவ்வளவுதான் விஷயம். இதைச் சின்னப்பிள்ளைச் சொல் என்றவர் ஒரு நாளாவது ஆங்கிலப் பேப்பரை விரித்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவில் அந்த வரி இப்படி இருக்கிறது: 'சைமல்டேனியஸ்லி வைல் டூயிங் ஜாப், பேரலலி பி.காம் வாஸ் கம்ப்ளீட்டட் பை மீ.' ஒரே சங்கதிக்கு மூன்று சொல்! மூன்றில் ஒன்று இருந்தால் போதும். 'பேரலலி' என்பதை நம் ஊர் ஆபீஸ்களில் தாராளமாகப் புழங்குகிறார்கள், ஆனால் பயோடேட்டாவில் அது உறுத்தும். கடைசியில் 'பை மீ' வேறு. பி.காமை நீங்கள் முடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரரா முடித்தார்?

சரி, நம்மவர்கள் ஏன் இதில் தடுமாறுகிறார்கள்? தமிழில் 'போது' என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளத்தின்போது செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது' என்றும் சொல்லலாம், 'வெள்ளம் வந்தபோது நின்றுவிட்டது' என்றும் சொல்லலாம். நமக்கு இரண்டும் 'போது'. ஆங்கிலக்காரனுக்கு இரண்டும் வேறு. 'வெள்ளத்தின்போது' என்று பெயர்ச்சொல்லோடு வந்தால் 'டியூரிங்'. 'வந்தபோது' என்று வினையோடு வந்தால் 'வென்' அல்லது 'வைல்'. உங்கள் அக்கா சொன்னதும் தப்பில்லை. 'டியூரிங் மை த்ரீ இயர்ஸ் அட் த மில்' என்று எழுதினால் நன்றாகவே இருக்கும். 'டியூரிங் ஐ வாஸ் ஒர்க்கிங்' என்று எழுதினால்தான் மானம் போகும்.

'வென்', 'வைல்' இரண்டுக்கும் நடுவே ரொம்பக் குழம்ப வேண்டாம். நீளமாக நடந்துகொண்டிருக்கிற காரியத்துக்கு 'வைல்', சட்டென்று நடக்கிற காரியத்துக்கு 'வென்'. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தது நினைவிருக்கும். தேர் இழுத்துக்கொண்டிருந்தது நீளமான காரியம். வடம் அறுந்தது ஒரு நொடி. 'வைல் தே வேர் புல்லிங் த கார், த ரோப் ஸ்னேப்ட்.' இதையே அறுந்த பக்கத்திலிருந்து சொன்னால், 'தே வேர் புல்லிங் த கார் வென் த ரோப் ஸ்னேப்ட்.' ஆக, 'வைல்' இழுப்போடு போகும், 'வென்' அறுப்போடு போகும். கோச்சிங் சென்டர் நோட்டில் 'வைல் வந்தால் ஐஎன்ஜி, வென் வந்தால் சிம்பிள் பாஸ்ட்' என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். ஐஎன்ஜி என்றால் 'புல்லிங்' மாதிரி, சிம்பிள் பாஸ்ட் என்றால் 'ஸ்னேப்ட்' மாதிரி. அதை நம்பி 'வைல் ஐ வாஸ் இன் த மில்' என்பதையே தப்பென்று அடித்துவிடாதீர்கள்.

'ஆஸ்' உங்கள் பயோடேட்டாவுக்குத் தேவைப்படாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'தண்ணீர் ஏற ஏற ஜனங்கள் மாடிக்குப் போனார்கள்' என்கிறோமே, அந்த 'ஏற ஏற'வுக்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்'தான் பொருந்தும். 'மீன்வைல்' என்பது 'இதற்கிடையே'. முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தை அதில் தொடங்கலாம். இரண்டு வாக்கியத்தை ஒட்டவைக்க அது உதவாது.

இனி, உங்களைப் போன்றவர்கள் அதிகம் விழுகிற குழிக்கு வருகிறேன். 'வைல் ஒர்க்கிங் இன் த மில், மை டிகிரி வாஸ் கம்ப்ளீட்டட்.' பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் படிப்பவருக்கு மில்லில் வேலை பார்த்ததே டிகிரிதான் என்று படும். இதைப் பிடிக்க ஆங்கில இலக்கணம் வேண்டாம், தமிழ்க் காது போதும். 'வைல்'லுக்குப் பிறகு ஆளைச் சொல்லாமல் நேராக ஐஎன்ஜி வந்தால், அது நம்முடைய 'கொண்டே' மாதிரி. 'அவள் பாடிக்கொண்டே வந்தாள்' என்றால் பாடியதும் வந்ததும் ஒரே ஆள். 'நான் பாடிக்கொண்டே பஸ் வந்தது' என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா? அதே கதைதான். வேலை பார்த்தவரும் படிப்பை முடித்தவரும் நீங்கள்தான், அதனால் கமாவுக்குப் பிறகு 'ஐ' வர வேண்டும். இரண்டு பேர் வந்தால் ஆளைச் சொல்லிவிடுங்கள்: 'வைல் ஐ வாஸ் ஒர்க்கிங், மை சிஸ்டர் டாட் மீ டேலி.' எழுதி முடித்ததும் ஆளைச் சொல்லாத ஒவ்வொரு 'வைல்'லையும் 'கொண்டே' போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இடித்தால் திருத்துங்கள்.

அடுத்து அந்த இரண்டு பெரிய மனிதர்கள். 'சைமல்டேனியஸ்லி' என்றால் பெரும்பாலும் ஒரே தருணத்தில் நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி ஒரே நொடியில் அடித்தால் அது. 1951-52, 1957, 1962, 1967 ஆண்டுகளில் மக்களவைக்கும் சட்டசபைகளுக்கும் சேர்த்து ஓட்டுப்போட்டோமே, அதைச் 'சைமல்டேனியஸ் எலெக்‌ஷன்' என்கிறார்கள். 'கன்கரன்ட்லி' என்றால் ஒரு கால அளவுக்குப் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது. கோர்ட்டில் ஒருவருக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று இரண்டு தண்டனை கொடுத்து 'கன்கரன்ட்லி' என்று சொன்னால், மூன்று வருஷத்தில் வெளியே வரலாம். 'கன்செக்யூட்டிவ்லி' என்றால் ஐந்து. அங்கே ஒரு சொல்லில் ஒரு மனிதனின் இரண்டு வருஷம் இருக்கிறது. உங்கள் மில் வேலைக்கும் படிப்புக்கும் உங்கள் நண்பன் சொன்ன 'கன்கரன்ட்லி' அர்த்தத்தில் பொருந்தும். ஆனால் கணக்கு எழுதும் வேலைக்கு அவ்வளவு விறைப்பு தேவையில்லை.

ஒரு விலக்கு உண்டு. இரண்டு படிப்பை ஒரே காலத்தில் படித்தவர்கள் 'சைமல்டேனியஸ்லி' என்றே எழுதலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2022 ஏப்ரலில் இரண்டு படிப்புகளைச் சேர்த்துப் படிக்க அனுமதி கொடுத்தபோது, அந்த வழிகாட்டுதலின் தலைப்பிலேயே 'சைமல்டேனியஸ்லி' என்று போட்டது. நான் இவ்வளவு நேரம் சொன்ன கணக்குப்படி அங்கே 'கன்கரன்ட்லி' வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்காக யூஜிசியோடு மல்லுக்கட்ட முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருப்பவர் அந்த வழிகாட்டுதலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார், அதனால் அதில் இருக்கும் சொல்லையே நீங்களும் போடுங்கள். அதில் இருக்கிற நிபந்தனையையும் பாருங்கள். இரண்டும் நேரில் போகிற படிப்பென்றால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரிலும் ஒன்று தொலைநிலையிலும் இருக்கலாம், இரண்டும் தொலைநிலையாகவும் இருக்கலாம். பிஎச்.டிக்கு இது கிடையாது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'ஒரே வருஷத்தில் டபுள் டிகிரி' என்று போன் நம்பரோடு ஒட்டியிருப்பவனுக்கு இந்த நிபந்தனை எதுவும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டான். பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வி நடத்த அனுமதி பெற்றதா என்று யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பரீட்சைகள். 'சைமல்டேனியஸ்' என்பதற்கு இணையான சொல் எது என்று கேட்டு, 'கன்கரன்ட்' என்பதற்கு ஒரு மார்க் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டும் ஒன்று என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறது. பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை, தான் வேலை பார்த்துக்கொண்டே படித்ததை ஒரு வரியில் எழுதத் தெரியாமல் பிரவுசிங் சென்டரில் போய் நிற்கிறது. அங்கே, 'கம்பெனியில் கம்ப்யூட்டர்தான் பயோடேட்டாவைப் படிக்கும், பெரிய வார்த்தை இல்லாவிட்டால் தள்ளிவிடும்' என்று பயம் காட்டிக் காசு வாங்குகிறார்கள். கம்ப்யூட்டர் தேடினால் டேலி, ஜிஎஸ்டி, பி.காம் என்றுதான் தேடும். 'சைமல்டேனியஸ்லி'யை அது ஏன் தேடப்போகிறது?

உங்கள் பயோடேட்டாவில் சொல்லைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. பி.காமுக்கு எதிரே 'அஞ்சல் வழி' என்று எங்கேயும் இல்லை. சென்டர்காரர் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார், 'ரெகுலர்' என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் 2022 ஜூனில் இருந்து மில்லிலும் இருந்தார், காலேஜிலும் இருந்தார் என்றால், பார்க்கிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இன்டர்வியூவில், 'பகலெல்லாம் மில்லில் இருந்தால் வகுப்புக்கு எப்போது போனீர்கள்?' என்று கேட்டால் முழிப்பீர்கள். அஞ்சல் வழியில் படித்தது குறையே இல்லை. மறைத்தது தெரிந்தால்தான் குறை.

ஆன்லைன் விண்ணப்பம் என்றால் இன்னொரு தலைவலி. வேலை தேதியும் படிப்பு தேதியும் மோதினால் சில படிவங்கள் சிவப்பில் எழுதி நிறுத்திவிடும். மனிதர்கள் வேலை பார்த்துக்கொண்டே படிப்பார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அதற்காகத் தேதியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். படிப்பு வகை கேட்கும் கட்டத்தில் 'டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், குறிப்புக் கட்டம் இருந்தால் விவரத்தை எழுதுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: 'கம்ப்ளீட்டட் பி.காம் த்ரூ டிஸ்டன்ஸ் எஜுகேஷன் வைல் ஒர்க்கிங் ஃபுல் டைம் ஆஸ் அன் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், ஜூன் 2022 டு ஜூன் 2025.' பயோடேட்டாவில் 'ஐ' இல்லாமல் எழுதலாம், செய்தவர் நீங்கள்தான் என்பது அங்கே தெரிந்ததே. மாதத்தை மட்டும் மில் கொடுத்த அனுபவச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் எடுங்கள்.